நாற்பத்தைந்து பவுண்டு

அன்று காலை வென்டல் காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, சர்க்கரையே இல்லை என்றான். இருந்தது. இரண்டு கரண்டி போட்டிருந்தேன், கலக்கத்தான் மறந்துவிட்டேன். அடியில் கிடந்த சர்க்கரையைக் கரண்டியால் வழித்துத் தின்றான், நாற்பத்து நான்கு வயதில். பிறகு கோப்பையைக் கழுவி ஜன்னலோரம் கவிழ்த்து வைத்தான். எங்கள் வீட்டில் கடைசியாக நடந்த சாதாரணமான காரியம் அதுதான்.

சார்ஜன்ட் ஹாக், நீங்கள் விபத்து அறிக்கையை முடித்துப் பதினோரு மாதங்கள் ஆகின்றன. இறந்தவனின் அக்கா என்ற முறையில் எனக்கும் ஒரு நகல் வந்தது. நன்றாக எழுதியிருக்கிறீர்கள். நான் முப்பது வருடம் மாவட்ட நூலகத்தில் புத்தகங்களைப் பட்டியலிட்டவள். தெளிவான வாக்கியத்தைக் கண்டால் எனக்கு மரியாதை வந்துவிடும். ஆனால் நான்காம் பக்கத்தில் ஒரு பிழை இருக்கிறது. இடம் மாறிச் செருகியிருக்கும் அட்டையைப் பார்த்த பிறகும் அப்படியே விட்டுப்போக எனக்கு வராது. அதைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன்.

அதற்கு முன் ட்ரெய்லரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் மோட்டார் க்ளப்பின் பத்திரிகையில் நான் எழுதிய கட்டுரை ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். 'சின்ன ஸ்போர்ட்ஸ் காருக்குப் பின்னால் சின்ன ட்ரெய்லர்' என்று தலைப்பு. நான்கு பக்கம். அளவுகள் எல்லாம் அதில் இருக்கின்றன. இங்கே தேவையானதை மட்டும் சொல்கிறேன்.

எல்டன் கிரீக்கில் பழைய விமானத் தளம் ஒன்று உண்டு. போர்க்காலத்தில் கட்டியது, இப்போது கோதுமை வயல்களுக்கு நடுவே வெறும் கான்கிரீட். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே ஆரஞ்சு நிறக் கூம்புகளை வரிசை வரிசையாக வைப்போம். ஒவ்வொரு காராக, கூம்பு விழாமல், வளைந்து வளைந்து ஓட்டி வர வேண்டும். ஒரு ஓட்டத்துக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த ஒரு நிமிடத்துக்காக நாள் முழுவதும் வெயிலிலும் காற்றிலும் நிற்போம். நானும் வென்டலும் பதினான்கு வருடம் அப்படி நின்றோம். கார் ஒன்று, இருவர் உட்காரும் சிவப்புக் கார். ஓட்டுபவர்கள் இரண்டு பேர். காரின் எண் நாற்பத்தேழு. அதே காரை இரண்டாவதாக ஓட்டுகிறவருக்கு எண்ணின் முன்னால் ஓர் 'ஒன்று' சேர்ப்பது க்ளப் வழக்கம். ஆகவே நான் நூற்று நாற்பத்தேழு. அவன் ஓட்டி முடித்து இறங்கியதும், காந்தத்தில் செய்த அந்த 'ஒன்றை'க் கதவில் ஒட்டிவிட்டு நான் ஏறுவேன். இறங்கியதும் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வேன். மற்ற நாட்களில் அது எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கும்.

வென்டல் என்னைவிட எட்டு வயது இளையவன், என்னைவிட எப்போதும் ஒன்றரை நொடி வேகமானவன். காரின் பின்பக்கம் வழுக்கினால், வழுக்குகிறது என்று நமக்குத் தெரிவதற்குள் அவன் கை ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பி அதைப் பிடித்திருக்கும். க்ளப்பில் மெர்ல் என்று ஒரு பெரியவர், கடிகாரம் பார்ப்பவர். "உன் தம்பிக்கு மூளையைக் கையில வச்சுட்டாங்க ஆர்லீன், அதான் மேல ஒண்ணும் மிச்சமில்ல" என்பார். வென்டல் தொப்பியைக் கழற்றித் தலையைத் தட்டிக் காட்டுவான், உள்ளே காலி என்பது போல.

பந்தயத்துக்கென்று தனி டயர்கள் உண்டு. மிருதுவான ரப்பர். சாலையில் ஓட்டினால் தேய்ந்துவிடும். அங்கே போய்த்தான் மாட்ட வேண்டும். இருவர் உட்காரும் காரில் நான்கு டயர்களை எங்கே வைப்பது? எட்டு வருடம் ஒன்றை நான் மடியில் வைத்துக்கொண்டு போனேன், இரண்டை முதுகுக்குப் பின்னால் திணித்தோம், ஒன்றைப் பின்புற மூடியின் மேல் கயிற்றால் கட்டினோம். என் பாவாடைகள் எல்லாவற்றிலும் கறுப்பு வளையம் இருக்கும். பிறகுதான் ட்ரெய்லர் வாங்கினோம். மடி காலியானது. முதல் சில பயணங்களில் கையை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

அது இரண்டு அட்டைப் பெட்டிகளில் துண்டு துண்டாக வந்தது. போல்ட்டுகள் தனிப் பையில். மத்தியானத்துக்குள் முடித்துவிடலாம் என்றான் வென்டல். அவன் கதிரறுக்கும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவன், கையேடு படித்து அறியாதவன். நான் படித்தேன். மூன்று சனிக்கிழமை ஆயிற்று. சக்கரத்தின் உள்ளே அவர்கள் வைத்து அனுப்பியது கிரீஸே இல்லை, பசை மாதிரி ஏதோ. அதை மண்ணெண்ணெயில் கழுவி எடுத்துவிட்டு, உள்ளங்கையில் புது கிரீஸை வைத்து, பேரிங்கை அதில் அழுத்தி அழுத்தி, மறுபக்கம் பிதுங்கி வரும்வரை ஏற்றினோம். சின்னச் சக்கரங்களைக் கழற்றிவிட்டுப் பெரியதாக மாட்டினோம், நெடுஞ்சாலை வேகத்தில் சின்னச் சக்கரம் காரின் சக்கரத்தைப் போல இரண்டு மடங்கு சுழல வேண்டியிருக்கும் என்பதால். ட்ரெய்லருக்கு முன்னால் நீண்டு காருடன் கோத்துக்கொள்ளும் ஏர்க்காலை இரண்டு அடி நீட்டினோம். ஏர்க்கால் குட்டையாக இருந்தால் ட்ரெய்லர் சட்டென்று ஆடும். அச்சுக்கு நேர் மேலே டயர்களைத் தொங்கவிட இரண்டு குழாய்கள். முன்னால் இரும்புப் பெட்டி, அதில் ஜாக்கியும் ஸ்பேனர்களும்.

கடைசியாக ஒரு விஷயம். அதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். மொத்தப் பாரத்தில் பத்தில் ஒரு பங்கு, அல்லது அதற்குக் கொஞ்சம் மேலே, ஏர்க்காலின் நுனியில் அழுந்த வேண்டும். அதிகமானால் காரின் பின்பக்கம் தாழும், அவ்வளவுதான். குறைந்தால் வேறு கதை. பாரம் அச்சுக்குப் பின்னால் போய்விட்ட ட்ரெய்லர் மெதுவாகப் போகும்வரை சாதுவாக வரும். ஐம்பது மைலைத் தாண்டியதும் வாலை ஆட்டத் தொடங்கும்.

இதைப் பார்க்க நான் குளியலறை எடைமெஷினைத்தான் எடுத்துவந்தேன். அம்மா காலத்து மெஷின், வெள்ளை வட்டம், சிவப்பு முள். மெஷின் மேல் ஒரு கட்டை, கட்டை மேல் ஏர்க்காலின் நுனி. ஒன்றுமே வைக்காதபோதும் அது இரண்டு பவுண்டு காட்டும். அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். பெட்டியை முன்னும் பின்னும் நகர்த்தி நகர்த்தி முள்ளை நாற்பத்தேழில் நிறுத்தினேன். கழித்தால் நாற்பத்தைந்து. "நம்ம நம்பர்லயே நிக்குது பாரு" என்றான் வென்டல். அவனுக்கு அது பிடித்திருந்தது. பெட்டியை அங்கேயே தரையோடு முடுக்கிவிட்டான். அன்றிலிருந்து எந்தப் பாரமானாலும் முள்ளை அந்த எண்ணுக்கே கொண்டுவந்தேன்.

கொஞ்ச நாள் க்ளப்பில் கேலி செய்தார்கள். ட்ரெய்லர் பத்தியத்தில் இருக்கிறதா என்றார்கள். மெர்ல் ரத்த அழுத்தம் பார்த்தாயிற்றா என்று கேட்டார். மறுவருடம் அவரே தன் ட்ரெய்லரை எங்கள் வாசலுக்குக் கொண்டுவந்து எடை பார்த்துக்கொண்டு போனார். அதன்பிறகுதான் கட்டுரை எழுதச் சொன்னார்கள்.

எங்களுக்கென்று ஒரு முறை அமைந்துவிட்டது. எடை பார்ப்பது நான். கோப்பது நான். இரண்டு சங்கிலிகளையும் குறுக்காகப் போட்டு, விளக்கு எரிகிறதா என்று பார்ப்பதும் நான். அவன் பெல்ட் போட்டுக்கொண்டு கண்ணாடியைச் சரி செய்துவிட்டு, தலையைத் திருப்பாமலே, "எவ்வளவுக்கா?" என்பான். "நாப்பத்தஞ்சு" என்பேன். இரண்டு முறை ஹார்ன் தட்டுவான். நான் போய் ஏறிக்கொள்வேன். ஆறு வருடத்தில் ஒருநாள்கூட அவன் இறங்கிப் பார்த்ததில்லை. கேட்காமல் கிளம்பியதும் இல்லை.

இந்த இடத்தில் எழுந்து கொஞ்சம் நடந்துவிட்டு வந்தேன். இப்போதெல்லாம் ஒரு பக்கம் எழுதுவதற்குள் மூன்று நான்கு முறை எழுந்துவிடுகிறேன். கராஜ்வரை போகிறேன், கதவைத் தொட்டுப் பார்க்கிறேன், திரும்பி வருகிறேன். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை.

கார்லாவைப் பற்றி. நல்ல பெண். பக்கத்து நகரமான சலைனாவில் பல் மருத்துவரிடம் வேலை பார்த்தாள். வென்டலுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கியபோது பழக்கம். அவள் சிரித்தால் மற்றவர்களுக்கும் சிரிப்பு வந்துவிடும். எங்கள் வீட்டுக்கு வந்த முதல் நாளே பாத்திரம் கழுவ எழுந்தாள், எந்தப் பாத்திரம் எங்கே என்று என்னைக் கேட்டுக் கேட்டு வைத்தாள். அவள்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டின்போது சொன்னார்கள். அவளுக்கு டென்னஸியில், நாக்ஸ்வில்லில், அவள் சித்தப்பாவின் மருத்துவமனையில் வேலை. ஜூனில் கிளம்புகிறார்கள். செப்டம்பரில் கல்யாணம். நான் பரிமாறிக்கொண்டிருந்தேன், பரிமாறி முடித்துவிட்டு உட்கார்ந்தேன். கார் என்ன ஆகும் என்று கேட்டேன். காரும் வருகிறது, ட்ரெய்லரும் வருகிறது என்றான். எப்போது வேண்டுமானாலும் நான் அங்கே வரலாம் என்றான். நாக்ஸ்வில் எண்ணூறு மைல்.

பிறகு உருளைக்கிழங்கைப் பிசைந்துகொண்டே, "அங்கயும் ஒரு க்ளப் இருக்குக்கா. கார்லா நூத்திநாப்பத்தேழு ஓட்டிப் பாக்குறேங்குறா. உனக்கொண்ணும் இல்லியே?" என்றான்.

"எனக்கென்ன" என்றேன்.

"அக்கா மாதிரியெல்லாம் எனக்கு வராது" என்றாள் கார்லா. "கூம்பெல்லாம் என்னைப் பாத்ததும் அதுவா வந்து கார்ல விழும்."

மூவரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அன்றைக்கு அவர்கள் போன பிறகு ஃப்ரிட்ஜைத் திறக்கப் போனபோது கதவில் 'ஒன்று' இல்லை. மறுவாரம் அதைக் காரின் முன்னறையில், இருக்கைக்கு எதிரே உள்ள சின்னப் பெட்டியில், வரைபடங்களுக்கு அடியில் பார்த்தேன். கேட்காமல் எடுத்திருந்தான். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

எனக்குக் கோபம் வரவில்லை. உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். நூலகத்தில் சாப்பாட்டு நேரத்தில் கட்டடத்தைச் சுற்றி நடக்க ஆரம்பித்தேன். முதலில் மூன்று சுற்று, ஏப்ரலில் பத்து. உடன் வேலை செய்பவர்கள் இளைக்கப் பார்க்கிறேன் என்று நினைத்தார்கள். ஒரு புத்தகத்தை அட்டவணைப்படுத்திக்கொண்டே இருப்பேன், கால் மட்டும் மேசைக்கடியில் க்ளட்ச்சை மிதித்துக்கொண்டிருக்கும். நான் வேண்டியதெல்லாம் இன்னொரு நாள். ஒரே ஒரு நாள் தள்ளிப்போனால் போதும் என்று இருந்தது. அந்த ஒரு நாளில் என்ன செய்வேன் என்று யோசிக்கவில்லை.

ஜூன் பதினொன்று, வியாழக்கிழமை. அறுவடைக்குப் பத்து நாள் இருந்தது. அறுவடை நெருங்கும்போது மெக்கானிக் ஊரைவிட்டுப் போவதா என்று ஊரில் பலருக்கு வருத்தம். மூன்று பேர் முந்தின நாள்கூட வந்து, எங்கே என்ன சத்தம் வருகிறது என்று வாயாலேயே இயந்திரம் மாதிரி ஓசை எழுப்பிக் காட்டி, அதைச் சரிசெய்ய வழி கேட்டுக்கொண்டு போனார்கள்.

முந்தின நாள் சாயங்காலமே இருவரும் சேர்ந்து ட்ரெய்லரை ஏற்றியிருந்தோம். டயர்கள் குழாயில். முன்னால் இரும்புப் பெட்டி நிறைய ஸ்பேனர்கள், அதையொட்டி, இரும்பைக் கவ்விப் பிடிக்கும் அவனுடைய பெரிய பட்டறைப் பிடிப்பான், ஒரு பெட்டி நிறைய பிரேக் தட்டுகள். பின்னால் தலையணைகள், குளிர்காலக் கோட்டுகள். மெஷினை வைத்தேன். அன்றைக்கு அதிசயமாக அவனும் குனிந்து பார்த்தான். முள் நாற்பத்தேழில் நின்றது. "நம்ம நம்பர்" என்றான். தார்ப்பாய் போட்டுக் கட்டினோம்.

காலை ஐந்தரைக்கு நல்ல வெளிச்சம் வந்துவிட்டது. அவன் குளிக்கப் போனான். அவன் குளிக்க இருபது நிமிடம் ஆகும். நான் தார்ப்பாயின் முடிச்சுகளை அவிழ்த்தேன். தலையணைகளையும் கோட்டுகளையும் முன்னால் கொண்டுவந்தேன். பட்டறைப் பிடிப்பானையும் பிரேக் தட்டுகளையும் பின்கோடிக்குக் கொண்டுபோனேன். இரும்புப் பெட்டி தரையோடு முடுக்கியது, அதை நகர்த்த முடியாது. அதனால் உள்ளே இருந்த ஸ்பேனர்களை எடுத்து ஒரு மரப்பெட்டியில் போட்டு அதையும் பின்னால் வைத்தேன். சத்தம் வராமல் ஒவ்வொன்றாக எடுத்தேன். ஐம்பத்திரண்டு வயதில் அது எளிதான வேலை இல்லை. பிறகு மெஷினை வைத்துப் பார்த்தேன். முள் ஏழில் நின்றது. அதில் இரண்டு மெஷினுடையது. ஐந்து பவுண்டு. பழையபடியே முடிச்சுப் போட்டு, காருடன் கோத்து, சங்கிலிகளைக் குறுக்காக மாட்டினேன். விளக்குகளைப் பார்த்தேன். எல்லாம் எரிந்தன.

உங்கள் நான்காம் பக்கத்தில், 'பாரம் ஏற்றியதில் கவனக்குறைவு' என்று இருக்கிறது. பிழை என்று சொன்னது அதைத்தான். கவனக்குறைவே இல்லை. அந்த ட்ரெய்லரில் நான் அவ்வளவு கவனமாக அதற்கு முன் பாரம் ஏற்றியதில்லை.

பிறகு உள்ளே போய்க் காப்பி போட்டேன். சர்க்கரையைக் கலக்க மறந்தது அப்போதுதான்.

ஆறரைக்குக் கார்லா தன் வண்டியில் வந்தாள். கூரைவரை சாமான். அவளுடைய தையல் மெஷினுக்கு மட்டும் இடமில்லை. அதைப் பாதி மடியிலும் பாதி பக்கத்து மூட்டைமேலும் வைத்துக்கொண்டே சலைனாவிலிருந்து ஓட்டி வந்திருக்கிறாள். ட்ரெய்லரில் இடமிருக்குமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். பின்னால் ஓர் இடம் இருக்கிறது, கொடு என்றேன். வாங்கி, தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கி, கடைசியில் செருகினேன். இருபத்தெட்டு பவுண்டு இருக்கும். அதற்குப் பிறகு நான் எடை பார்க்கவில்லை. காருடன் கோத்திருக்காவிட்டால் ஏர்க்கால் தானாகவே மேலே எழுந்திருக்கும்.

உங்களிடம் கார்லா அதைத் தானே வைத்ததாகச் சொல்லியிருக்கிறாள். இல்லை. அவள் என் கையில் கொடுத்தாள். அவ்வளவே.

வென்டல் வெளியே வந்து காரைச் சுற்றி ஒரு நடை நடந்தான். எத்தனை சோம்பேறியானாலும் இயந்திரத்தோடு வாழ்ந்தவன். பின்பக்கம் வந்ததும் நின்றான்.

"இன்னிக்குக் காரு பின்னால தூக்கின மாதிரி நிக்குதேக்கா."

"நான் ஏறலேல்ல" என்றேன்.

அவன் சிரித்தான். சிரித்துவிட்டு என் தோளைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினான். எங்கள் வீட்டில் கட்டிப்பிடிக்கிற பழக்கம் இல்லை. பத்திரமாக இருக்கச் சொன்னான். கூரையை மடக்கிவிட்டு ஏறினான். பெல்ட் போட்டான். கண்ணாடியைச் சரி செய்தான். இந்தப் பக்கம் திரும்பவில்லை.

"எவ்வளவுக்கா?"

"நாப்பத்தஞ்சு."

இரண்டு முறை ஹார்ன் தட்டினான். தெற்குக் காற்று பலமாக வீசிக்கொண்டிருந்தது. தெருமுனைவரை ட்ரெய்லர் ஆடாமல் அசையாமல் போயிற்று. எங்கள் தெருவில் இருபத்தைந்து மைலுக்கு மேல் போக முடியாது.

நான் உள்ளே வந்து மாவு பிசைந்தேன். மாட்டிறைச்சியும் முட்டைக்கோசும் வதக்கி உள்ளே வைத்துச் சுடும் பீராக், எங்கள் அம்மா வழிப் பண்டம், வென்டல் ஒரே வேளையில் ஐந்து தின்பான். பன்னிரண்டு செய்தேன். மேசையில் மூன்று தட்டு வைத்தேன். நீங்கள் வேண்டுமானால் கார்லாவைக் கேட்டுப் பாருங்கள். அன்று மத்தியானம் உங்கள் ஆட்கள் அவளை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தபோது அந்த மூன்று தட்டுகளும் மேசையில்தான் இருந்தன. அவர்கள் திரும்பி வருவார்கள் என்று நான் நம்பியதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

நான் நினைத்தது இதுதான். நெடுஞ்சாலையில் ஏறி ஐம்பது, ஐம்பத்தைந்து மைல் வேகம் வரும். ட்ரெய்லர் ஆடத் தொடங்கும். யாராக இருந்தாலும் பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவார்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஓரம் கட்டுவார்கள். வேகம் குறைந்தால் ஆட்டம் அடங்கிவிடும். தார்ப்பாயைத் திறந்து பார்த்தால் பாரம் தாறுமாறாக இருக்கும். மெதுவாகத் திரும்பி வருவார்கள். ஏதோ சரிந்துவிட்டது என்பேன். எல்லாவற்றையும் இறக்கி ஏற்றுவதற்குள் மத்தியானம் ஆகிவிடும். இனி நாளைக்குப் போகலாமே என்பேன். பயங்கரமான யோசனை ஒன்றும் இல்லை. ஒரு நாள்.

ஒன்பது நாற்பதுக்குத் தொலைபேசி அடித்தது. நான் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் கார்லாவின் வாக்குமூலத்தை நான் பலமுறை படித்திருக்கிறேன். அவள் பின்னாலேயே ஓட்டி வந்தாள். ஃபிளின்ட் குன்றுகள் தொடங்கும் இடத்தில் ட்ரெய்லர் முதல் முறை ஆடியது. வென்டல் பிடித்துவிட்டான். ஸ்டியரிங்கை ஒரு வெட்டு, மறுபடி எதிர்ப்பக்கம் ஒரு வெட்டு. நேராயிற்று. ஒரு மைல் கழித்து இரண்டாம் முறை, இன்னும் பெரிதாக. அதையும் பிடித்தான். மூன்றாம் முறையும். அவன் விளையாடுகிறான் என்றே நினைத்தாளாம், கூம்புகளுக்கு நடுவே ஓட்டுவது மாதிரி இருந்ததாம், பார்க்க அழகாக இருந்தது என்று சொல்லியிருக்கிறாள். நீங்கள் அந்தச் சொல்லை நீக்காமல் விட்டதற்கு நன்றி. நான்காம் முறை இறக்கத்தில் வந்தது. ஆடும் ட்ரெய்லரைப் பிடிக்கப் பிடிக்க அது அடுத்த ஆட்டத்தை இன்னும் பெரிதாக எடுத்துக்கொண்டு வரும். கார் குறுக்கே திரும்பி, நடுப்புல்வெளியைத் தாண்டி, எதிர்த்திசையில் வந்த மாட்டு லாரியிடம் போயிற்று. கூரை மடக்கியிருந்தது.

சவப்பெட்டியை மூடித்தான் வைத்திருந்தார்கள்.

அடக்கத்தன்று கார்லா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. "என் மெஷின்தாங்க்கா. நான் அதைக் குடுக்காம இருந்திருக்கணும்" என்றாள். அப்படியெல்லாம் நினைக்காதே என்றேன். நான் சொன்னது பொய்யில்லை. அதற்கு மேல் சொல்லவில்லை. அறிக்கை வந்ததும் நான்காம் பக்கத்தில் ஒரு வரியைக் காட்டி, இதோ பாருங்கள், பின்பக்கம் பாரம் அதிகம் என்றுதானே எழுதியிருக்கிறது என்றாள். ஆமாம், அப்படித்தான் எழுதியிருக்கிறது என்றேன்.

அவள் நாக்ஸ்வில் போகவில்லை. சலைனாவிலேயே இருக்கிறாள், வேலைக்குப் போவதில்லை. ஞாயிறுதோறும் வருகிறாள். வென்டலின் அறையில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு என்னோடு சாப்பிட்டுவிட்டுப் போகிறாள். பாத்திரம் எங்கே வைப்பது என்று இப்போதெல்லாம் கேட்பதில்லை. நொறுங்கிய காரிலிருந்து எடுத்தவற்றை நீங்கள் பெட்டியில் போட்டுக் கொடுத்தீர்களே, அதில் 'ஒன்று' இல்லை என்று சொல்லி ஒருமுறை அழுதாள். அதை ஞாபகமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறாள். எங்கே போயிற்றோ என்றேன். அது என் அலமாரியில் இருக்கிறது. அன்று காலை, தார்ப்பாயைக் கட்டி முடித்த பிறகு, காரின் முன்னறையிலிருந்து நானே எடுத்து வைத்தேன்.

அவர்கள் மத்தியானம் திரும்பி வரப்போகிறவர்கள்தானே, அதற்குள் ஏன் எடுத்தேன் என்று நீங்கள் கேட்கலாம். அது என்னுடையது, எடுத்தேன். வேறு காரணம் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை கார்லா ஒரு விஷயம் சொன்னாள். உங்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறாளாம், தன்மேல் வழக்குப் போடச் சொல்லி. வென்டலின் சாவுக்குத் தானே காரணம் என்று ஒரு தாளில் தன் பெயர் எழுதியிருந்தால்தான் நிம்மதியாகத் தூங்க முடியும் என்றாள். நான் எழுந்து போய் அடுப்பைப் பார்த்தேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. திரும்பி வந்து உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன்.

அவள்மேல் இரக்கப்பட்டு இதை எழுதுவதாக நீங்கள் நினைத்துவிடக் கூடாது. நல்ல பெண் என்று சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். ஆனால் உங்கள் கோப்பில் வென்டலின் பெயருக்கு அடுத்த வரியில் அவள் பெயர் வரப் பார்க்கிறது. அந்த இடம் அவளுடையது அல்ல. ஆர்லீன் ட்ரைலிங் என்று திருத்திக்கொள்ளுங்கள். எழுத்துகள் பிசகாமல் இருக்க அடியில் தெளிவாகக் கையெழுத்திட்டிருக்கிறேன்.

இன்னும் ஒன்று. கட்டுரையை இணைத்திருப்பதாகச் சொன்னேன். நேற்று உறையில் போடுவதற்கு முன் எடுத்துப் படித்தேன். மூன்றாம் பக்கத்தின் நடுவில் இப்படி இருக்கிறது: 'ட்ரெய்லர் ஆடினால் மற்றவர்களைவிட நமக்குத்தான் ஆபத்து அதிகம். மற்றவர்கள் பயந்து காலை எடுத்துவிடுவார்கள். நம் கை சும்மா இருக்காது, பிடிக்கப் பார்க்கும். பிடித்தால் செத்தோம். நம்மில் எவருடைய கை அதிக வேகமோ அவர்தான் முதலில் போவார்.'

நான்தான் எழுதினேன். யாரை மனதில் வைத்து எழுதினேன் என்று க்ளப்பில் எல்லாருக்கும் தெரியும். நான் அதைத் தட்டச்சு செய்தபோது வென்டல் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று படித்தான். "என் பேரையும் போட்டுரேன்க்கா" என்று சொல்லிச் சிரித்தான்.

அன்று காலை எனக்கு அந்த வரி ஞாபகத்துக்கு வரவில்லை. இதையும் நீங்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

எடைமெஷின் குளியலறையில் பழைய இடத்திலேயே இருக்கிறது. ஒன்றுமே வைக்காதபோதும் இரண்டு பவுண்டு காட்டுகிறது.